அயல் மரம் புகுந்த காட்டில் இன எண்ணிக்கை குறையவில்லை என்றால் பாதிப்பே இல்லை என்று அர்த்தமா?

தழைமேடு (தொடக்கப் பதிவு)

வெளியிலிருந்து வந்து காட்டில் தானாகப் பரவும் அயல் மரம் அடர்ந்த 10 அளவுக் கட்டங்கள், அது இல்லாத 10 கட்டங்கள், எல்லாம் 20க்கு 20 மீட்டர். இப்படி ஜோடி ஜோடியாக வைத்து ஒப்பிடும் கணக்கெடுப்புகளில் பல நேரம் வரும் விடை: நாட்டு மர இனங்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அயல் மரத்தையும் சேர்த்து எண்ணினால் சில கட்டங்களில் ஒன்று கூடவே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘காடு தாங்கிக்கொண்டுவிட்டது’ என்று எழுதுகிறவர்களும் உண்டு.

என் கேள்வி இரண்டு. ஒன்று, இந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டு, அகற்றத்தான் வேண்டும் என்றால் ஒரே மூச்சில் வெட்டுவதா, விட்டு விட்டு வெட்டுவதா? விவரம் தெரிந்தவர்கள் அளவு, முறை எல்லாவற்றோடும் எழுதுங்கள்.

விதைவங்கி

எண்ணியது யாரை என்று முதலில் பாருங்கள். 30 செ.மீ. சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்களை மட்டும் எண்ணியிருந்தால், அவற்றில் பெரும்பாலானவை அயல் மரம் வருவதற்கு முன்பே வேர்விட்டவை. நூறாண்டு வாழும் மரத்தை முப்பது ஆண்டுக்கு முன் வந்த விருந்தாளி கொல்லாது. அதன் பிள்ளைகளைத்தான் வளர விடாது. ஆகவே எண்ணிக்கையில் பாதிப்பு தெரிய ஒரு தலைமுறை ஆகும். சூழலியலாளர் டில்மன் குழுவினர் 1994-ல் இதற்கு ‘அழிவுக் கடன்’ என்று பேர் வைத்தார்கள். அவர்கள் பேசியது வாழிட இழப்பைப் பற்றி. ஆனால் கணக்கு இங்கேயும் அதேதான்: கடன் வாங்கியாயிற்று, தவணை இன்னும் தொடங்கவில்லை.

கட்டத்தை அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள்:

20×20 மீட்டரில், 30 செ.மீ. சுற்றளவுக்கு மேல் உள்ள மரங்கள். அதற்குள் 5×5 மீட்டரில் இரண்டு உள்கட்டம்: 1 மீட்டர் உயரத்துக்கு மேல், 30 செ.மீ. சுற்றளவுக்குக் கீழ் உள்ள இளமரங்களும் புதர்களும். நான்கு மூலை, நடு என்று 1×1 மீட்டரில் ஐந்து சதுரம்: 1 மீட்டருக்குக் கீழான நாற்றுகள், பூண்டுகள், பன்னங்கள். சுற்றளவை மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில் எடுங்கள். அடிப்பரப்பு, அதாவது அந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, வேண்டுமென்றால் சுற்றளவின் வர்க்கத்தை 12.57-ஆல் வகுத்தால் போதும். 63 செ.மீ. சுற்றளவுள்ள மரத்துக்கு ஏறத்தாழ 316 சதுர செ.மீ. வரும். 400 சதுர மீட்டர் கட்டத்தின் கூட்டுத்தொகையை 25-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு.

பிறகு ஒவ்வொரு நாட்டு இனத்துக்கும் பருமன்வாரி வரைபடம் போடுங்கள். தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் காட்டில் சிறிசு ஏராளம், பெரிசு கொஞ்சம் என்று வரைபடம் சரிந்து இறங்கும். பாதிக்கப்பட்ட கட்டத்தில் இடது ஓரம் வெறுமையாக இருக்கும், பெரிய மரங்கள் மட்டும் வலது பக்கம் நிற்கும். ‘வித்தியாசம் இல்லை’ என்ற முடிவு அந்த வலது பக்கத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டது.

கலாபகஸ் தீவுகளில் சாண்டா குரூஸ் மேட்டுநிலத்தில் புகுந்த சிவப்புக் கொயினா மரம் இதற்கு நல்ல உதாரணம். நிலையான கட்டங்களை 7 ஆண்டு தொடர்ந்து அளந்தார்கள். ஓர் இனம்கூட மறையவில்லை. ஆனால் பெரும்பாலான இனங்கள் தரையில் பிடித்திருந்த பரப்பு கணிசமாகச் சுருங்கியது. அங்கே இனங்களை மட்டும் எண்ணியிருந்தால் ‘பாதிப்பு பூஜ்யம்’ என்றுதான் வந்திருக்கும்.

நிழல்மானி

விதைவங்கி சொன்னதோடு பரப்பளவையும் சேர்க்க வேண்டும். பாவெல், சேஸ், நைட் மூவரும் 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு ஹவாய், மிசூரி, ஃபுளோரிடா ஆகிய மூன்று இடக் காடுகளில், மூன்று வெவ்வேறு அயல் தாவரங்களை வைத்துச் செய்யப்பட்டது. சிறிய சதுரங்களில் இன இழப்பு பளிச்சென்று தெரிந்தது. சதுரத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க வித்தியாசம் மங்கிக்கொண்டே போனது.

காரணம் சுலபம். அயல் தாவரம் வந்ததும் நாட்டுச் செடிகளின் தலை எண்ணிக்கை குறைகிறது. அந்த அடி பரவலாக இருக்கும் இனங்கள் மேல்தான் அதிகம் விழுகிறது. உதாரணத்துக்கு, ஒரு சதுர மீட்டரில் 12 இனம் இருந்த இடத்தில் 5 இனம். ஆனால் இந்தச் சதுரத்தில் காணாமல்போனது அடுத்த சதுரத்தில் ஒன்றிரண்டாவது இருக்கும். ஹெக்டேர் கணக்கில் பட்டியல் அப்படியே நிற்கும். ஆக, ‘காட்டுக்குள் இனம் அழிகிறது’ என்பவரும் ‘அழியவில்லை’ என்பவரும் வேறு வேறு அளவுகோலை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். இரண்டு தரப்பு எண்ணும் சரிதான்.

கணக்கில் வழக்கமாக வரும் இரண்டு பிசகு.

அயல் மரத்தை நாட்டு இனங்களோடு சேர்த்து எண்ணுவது முதல் பிசகு. ஒன்று போய் ஒன்று வந்தால் கூட்டுத்தொகை மாறாது. அதைச் சேர்த்து ஒரு தடவை, விட்டு ஒரு தடவை என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். இனங்கள் எத்தனை, எவ்வளவு சமமாகப் பங்கிட்டிருக்கின்றன என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் ஷானன் குறியீட்டுக்கும் இதே விதி. ஒரே மரம் பாதி அடிப்பரப்பைப் பிடித்துக்கொண்டால் குறியீடு சரியும். அது நாட்டு இனங்கள் தங்களுக்குள் எப்படி இருக்கின்றன என்பதைக் காட்டாது.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. இரு பக்கமும் சமமான தலை எண்ணிக்கைக்குக் குறுக்கி ஒப்பிடும் ரேரிஃபாக்‌ஷன் முறை இரு பக்கமும் சேகரித்த மாதிரிகளின் அளவு வேறுபடும்போது நியாயமானது. இங்கே தலை எண்ணிக்கை குறைந்ததே அயல் மரத்தால்தான். அதைச் சமன் செய்துவிட்டு ‘வித்தியாசம் இல்லை’ என்பது, அளக்க வந்ததையே அழித்துவிட்டு அளப்பது. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை இனம், 100 செடிக்கு எத்தனை இனம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது குறைந்து இரண்டாவது மாறவில்லை என்றால் செடிகள் அருகிவிட்டன என்று பொருள். இரண்டுமே குறைந்தால் சில இனங்கள் மட்டும் குறிவைத்து வடிகட்டப்படுகின்றன.

முரண்

நீங்கள் இருவரும் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அயல் மரம் உள்ள கட்டத்தையும் இல்லாத கட்டத்தையும் பக்கத்தில் வைத்தாலே ஒப்பீடு ஆகிவிடுமா? அந்த மரம் ஏன் இங்கே வந்தது, அங்கே ஏன் வரவில்லை? இங்கே முன்பு மரம் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், மாடு மேய்ந்தது, தீ வந்தது. நாட்டு இனங்கள் குறைந்தது அதனால் இருக்கலாம். அயல் மரம் காலியான நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். மெக்டூகல், டர்க்கிங்டன் என்ற ஆய்வாளர்கள் 2005-ல் கேட்ட கேள்விதான் இது: வண்டியை ஓட்டுவது இந்த மரமா, இல்லை இதுவும் ஒரு பயணிதானா?

புவேர்ட்டோ ரிக்கோவில் விவசாயம் கைவிடப்பட்ட நிலங்களில் ஆப்பிரிக்கத் துலிப் மரம் முதலில் வந்து நிழல் கொடுத்தது, அதன் அடியில் நாட்டு மரங்கள் முளைத்தன என்று சூழலியலாளர் ஆரியல் லூகோ பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். உலகின் மிக மோசமான 100 அயலினங்கள் பட்டியலில் அதே மரம் இருக்கிறது. பட்டியலைப் பார்த்து அரிவாளை எடுத்தால் ஆகாது.

விதைவங்கி

முரண் சொல்வது சரி, ஜோடிக் கட்டங்களால் காரணத்தை நிரூபிக்க முடியாது. அகற்றிப் பார்க்கும் சோதனை ஒன்றுதான் வழி. அதையும் அரைகுறையாகச் செய்தால் பலனில்லை. அயல் மரம் உள்ள இடத்திலேயே நான்கு வகைக் கட்டம் வையுங்கள்: தொடாமல் விட்டது, அயல் மரத்தை மட்டும் அகற்றியது, அகற்றாமல் நாட்டு விதை தூவியது, அகற்றி விதையும் தூவியது. வகைக்குக் குறைந்தது ஐந்து கட்டம் வேண்டும், இடம் குலுக்கலில் முடிவாக வேண்டும். கை வைப்பதற்கு முன் குறைந்தது ஒரு முழு ஆண்டின் நாற்றுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பிறகு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு தொடர்ந்து எண்ண வேண்டும்.

அகற்றியதும் நாற்று பெருகினால் மரம்தான் தடை. அகற்றி விதையும் தூவிய கட்டத்தில் மட்டும் பெருகினால் தடை இரண்டு: மரமும் விதைப் பஞ்சமும். தாய் மரம் தொலைவில், பறவை வரத்து இல்லை, அப்போது வெறுமனே வெட்டிக்கொண்டே இருப்பதில் பிரயோசனம் இல்லை. அகற்றாத கட்டத்திலேயே தூவிய விதை முளைத்து இரண்டாம் ஆண்டு தாண்டி நின்றால், முரண் சொன்ன பயணிக் கதை. நான்கிலும் ஒன்றும் வரவில்லையா? மண்ணையோ மேய்ச்சலையோ பாருங்கள். மான், பன்றி, மாடு உள்ள காட்டில் பாதிக் கட்டங்களுக்கு வேலி போடாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது.

ஆனால் ‘பயணி’ வாதத்தை எல்லா மரத்துக்கும் நீட்டவும் முடியாது. மிக்கோனியா கால்வெசென்ஸ் என்ற மரம் 1937-ல் பசிபிக் தீவான தஹீட்டியில் ஒரு தாவரத் தோட்டத்துக்கு அழகுக்காக வந்தது. இன்று தீவில் மூன்றில் இரண்டு பங்கு அதன் கையில். யாரும் வெட்டாத, சாலை எட்டாத மழைக்காட்டுச் சரிவுகளிலும் அது ஏறியது. இலை ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர், அடிப்பக்கம் ஊதா. நான்கைந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கும், சின்னஞ்சிறு கனி ஒன்றில் ஏறத்தாழ 200 விதை, அவை பத்தாண்டுக்கும் மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். நாற்று ஆழ்ந்த நிழலிலும் தாக்குப்பிடிக்கும். அங்கெல்லாம் காலி நாற்காலிக்காக அது காத்திருக்கவில்லை.

மண்வாசி

நிழல் கண்ணுக்குத் தெரியும், மண்ணுக்குள் நடப்பது தெரியாது. ஹவாயின் எரிமலைப் பூங்காவில் மொரெல்லா ஃபாயா என்ற மரம் வேரில் ஃபிராங்கியா நுண்ணுயிரை வைத்துக்கொண்டு காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. விட்டூசெக் குழுவினர் 1987-ல் அளந்தது: நாட்டு மூலங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஹெக்டேருக்கு சுமார் 5.5 கிலோ, இந்த ஒரு மரம் மட்டும் சுமார் 18 கிலோ. புது எரிமலை மண் நைட்ரஜன் பஞ்சத்தில் இருப்பது. அந்தப் பஞ்சத்துக்குப் பழகிய நாட்டுச் செடிகளுக்குத் திடீர் விருந்தால் லாபம் இல்லை. வேகமாக வளரும் அயல் செடிகள்தான் அதை முதலில் வாரிக்கொள்கின்றன.

ஐரோப்பாவில், அவரைக் குடும்பத்து மரமான ரோபினியா புகுந்த காடுகளிலும் இதே கதை. வறண்ட, சத்தில்லாத புல்வெளிக்குரிய அரிய பூண்டுகள் போய், காஞ்சொறி இனம் போன்ற சத்துவிரும்பிகள் தரையை மூடுகின்றன. இனக் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று சரியாகக்கூட வரலாம். ஆனால் எங்கும் கிடைக்கும் பத்து இனம், அங்கே மட்டும் கிடைத்த பத்து இனத்துக்கு ஈடாகாது. நிழல்மானியின் அளவுகோல் விவாதத்தில் இதையும் சேருங்கள்: கட்டத்துக்குக் கட்டம் இருந்த வேறுபாடு தொலைந்து எல்லாக் கட்டமும் ஒரே முகமாகிறது.

ஒரு திருத்தம், பலர் தவறாக எழுதுவது: அவரைக் குடும்ப மரம் எல்லாமே நைட்ரஜனைச் சேர்க்காது. மஞ்சள் கொன்றை எனப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் வேரில் முடிச்சே போடாது. வாட்டில் (ஆஸ்திரேலிய அக்கேசியா), சீமைக் கருவேலம், சூபாபுல் முடிச்சு போடும். இது தெரியாமல் சென்னா அகற்றிய இடத்தில் ‘மிகை நைட்ரஜனைக் குறைக்கிறேன்’ என்று மரத்தூள் கொட்டினால் வீண் வேலை.

மரத்தூள் கொட்டும் முறையே எனக்குப் பெரிதாக நம்பிக்கை தராதது. கார்பன் மிகும்போது நுண்ணுயிர்கள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற கணக்கு சரிதான். தூள் மக்கியதும் பிடித்ததை விட்டுவிடும். திரும்பத் திரும்பக் கொட்ட வேண்டும். பத்து சதுர மீட்டர் சோதனைக்குச் சரி, காட்டுக்குக் கட்டாது. அதைவிடப் பயன் தருவது, வெட்டிய மரத்தின் கிளை, இலை, காய்களை அங்கேயே மக்கவிடாமல் வெளியே எடுப்பது.

சருகையும் பாருங்கள். தடித்த சருகு மெத்தையில் விழும் சின்ன விதையின் முளைவேர் மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். பெரிய விதைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே சருகு மிகும் காட்டில் சின்ன விதை இனங்கள் முதலில் கழியும். ஒரு சதுர மீட்டரில் சருகை விலக்கி, பக்கத்துச் சதுரத்தில் விலக்காமல் விட்டால் ஒரே மழைக்காலத்தில் இது தெரிந்துவிடும். செலவில்லாத சோதனை, ஏனோ யாரும் செய்வதில்லை.

வெட்டுக்கத்தி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எந்த மரமானாலும் முதலில் கேட்க வேண்டியது: வெட்டினால் இது எங்கிருந்து திரும்பி வரும்? விதையிலிருந்தா, அடிக்கட்டையிலிருந்தா, வேரிலிருந்தா? இதற்குப் பதில் தெரியாமல் கத்தி வைத்தால் ஒரு மரம் நாற்பதாகும்.

வேரிலிருந்து வருபவை: ஐலாந்தஸ், ரோபினியா. ஐலாந்தஸை வெட்டிச் சாய்ப்பதுதான் செய்யக்கூடாத முதல் வேலை. பல மீட்டர் தள்ளி வேரெல்லாம் குருத்துவிடும். நிற்கும் மரத்தில் வெட்டுவாய் போட்டு அதில் களைக்கொல்லி விட வேண்டும். விட்டத்தில் ஒவ்வொரு இரண்டரை செ.மீ.க்கும் ஒரு வெட்டு என்பது நடைமுறைக் கணக்கு. வெட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் பட்டை இருக்க வேண்டும். முழுவதும் சுற்றி வெட்டிவிட்டால் மருந்து வேருக்கு இறங்கும் பாதையே அறுந்துபோகும். பருவம் முக்கியம்: வளர்பருவத்தின் பின்பாதி, இலை பழுப்பதற்கு முன், மரம் மாவுச்சத்தை வேருக்கு இறக்கும் நேரம். துளிர் விடும் காலத்தில் சாறு மேலே ஓடும், மருந்தும் கூடவே மேலே போய்விடும்.

ரோபினியாவுக்கு மருந்தில்லாத வழி ஒன்று மத்திய ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கிறது. குளிர்காலத்தில் பட்டையை வளையமாக உரிக்கிறார்கள், ஆனால் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கை ஒட்டாக விட்டுவிடுகிறார்கள். மரம் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்ற நினைப்பில் வேர்க்கன்று விடாமல் மெலிகிறது. மறு ஆண்டு அந்த ஒட்டையும் உரிக்கிறார்கள். முதல் நாளே முழு வளையம் போட்டால் வேர் முழுக்கக் கன்றுதான்.

அடிக்கட்டையிலிருந்து வருபவை: சென்னா, சூபாபுல், சீமைக் கருவேலம். சென்னாவை வெட்டினால் கட்டையைச் சுற்றிக் குச்சி குச்சியாக எழும்பும். மார்பு உயரத்திலிருந்து தரை வரை, வேர் பிரியும் முண்டு உட்பட, பட்டையை முழுசாக உரித்து நின்றபடியே காயவிடுவது நல்லது. சீமைக் கருவேலத்தின் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில் இருக்கும். தரைமட்டத்தில் வெட்டுவது அதற்குக் கவாத்து மாதிரி. மண்ணைத் தோண்டி 20–30 செ.மீ. ஆழத்தில் வேரை அறுக்க வேண்டும். சிறியது என்றால் வேரோடு பிடுங்கிவிடலாம்.

கட்டைக்கு மருந்து தடவுவதென்றால் வெட்டிய சில நிமிடத்துக்குள் தடவ வேண்டும். தாமதித்தால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும். கட்டை முழுவதும் ஊற்றாதீர்கள், நடுவில் இருப்பது செத்த வைரம். பட்டைக்கு உட்பக்கமாக இருக்கும் ஓரத்து வளையத்தில் தூரிகையால் தடவினால் போதும். ஒருவர் வெட்ட, பின்னாலேயே ஒருவர் தடவ, இரண்டு பேராகப் போக வேண்டும். எந்த மருந்து, எத்தனை சதவீதம் என்பதை அந்தந்த நாட்டு அனுமதியும் டப்பாவின் மேல் உள்ள சீட்டும் முடிவு செய்யட்டும். ஓடை ஓரத்தில் மருந்து வேண்டாம்.

விதையிலிருந்து வருபவை: பைன் இனங்களில் பெரும்பாலானவை கட்டையிலிருந்து துளிர்க்காது, கானரித் தீவுப் பைன் விதிவிலக்கு. ஆனால் வெட்டும்போது கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்ட வேண்டும். ஒரு கிளையை விட்டால் அதுவே தலையாகும். மெலலூகா இன்னொரு ரகம். விதையை மரத்திலேயே குப்பிக்குள் பூட்டி வைத்திருக்கும். வெட்டினாலும் எரித்தாலும் பூட்டு திறந்து லட்சக்கணக்கில் கொட்டும். ஃபுளோரிடாவில் அந்த மரத்துக்கு எதிராக 1997-ல் ஒரு கூன்வண்டை விட்டார்கள். அது மரத்தைக் கொல்வதைவிட இளந்தளிரைத் தின்று பூக்கவிடாமல் செய்கிறது, விதை வரத்து அடைபடுகிறது.

தழைமேடு

பட்டை உரித்தும் சில மரங்கள் காயாமல் நிற்பது ஏன்? ஆறு மாதம் கழித்தும் இலை பச்சையாகவே இருக்கும் மரங்களைப் பற்றிப் பல அறிக்கைகளில் படிக்கிறேன்.

வெட்டுக்கத்தி

ஆறு மாதத்தில் இலை பச்சையாக இருப்பது தோல்வி இல்லை. தண்ணீர் மரக்கட்டை வழியாகத்தான் மேலே போகிறது, அது உரித்த பிறகும் ஓடும். அறுந்தது இலையிலிருந்து வேருக்கு இறங்கும் உணவுப் பாதை. வேரில் சேமிப்பு தீரும் வரை மரம் நிற்கும். சிறியது சில மாதம், பெரியது ஒன்றரை, இரண்டு ஆண்டு.

உண்மையான தோல்விக்குக் காரணம் வேறு. பட்டையை உரித்ததும் வழுக்கும் ஈரப்படலம் ஒன்று கட்டைமேல் இருக்கும், அதுதான் கேம்பியம். அதைக் கத்தி முதுகால் சுரண்டாமல் விட்டால் புதுப் பட்டை வளர்ந்து மூடிவிடும். விரல் அகலம் ஒட்டியிருந்தாலும் பாலம் கட்டிவிடும். அடிமரம் மடிப்பு மடிப்பாக இருந்தால் பள்ளத்துக்குள் பட்டை தப்பிவிடும், உளி வேண்டும். வளையம் ஒரு கையகலம் மட்டும் போட்டால் அதற்குக் கீழே இருக்கும் பட்டை முழுவதும் துளிர்விடும். அதனால்தான் துளிர்க்கும் இனங்களில் தரை வரை உரிக்கச் சொல்வது. சில இனங்களில் பக்கத்து மரத்தோடு வேர் ஒட்டியிருக்கும், உரித்த மரத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்துகொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பாதை ஓரம், முகாம், மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தை உரித்துவிட்டுப் போகாதீர்கள். காய்ந்த மரம் எப்போது எங்கே முறியும் என்று சொல்ல முடியாது. அங்கெல்லாம் வெட்டித்தான் ஆக வேண்டும்.

நிழல்மானி

உரித்து நின்றபடி காயவிடுவதில் எனக்குப் பிடித்தது வேறொன்று: வெளிச்சம் மெதுவாக வருகிறது. மரம் சாய்ந்த அன்றே உச்சி வெயில் தரையில் விழுந்தால் நிழலுக்குப் பழகிய நாட்டு நாற்றுகள் கருகும். வெளிச்சத்துக்குக் காத்திருந்த உண்ணிச்செடி, குரோமோலீனா, அயல் புல் எல்லாம் ஒரே பருவத்தில் மூடிவிடும். ஓர் அயலினத்தை எடுத்து இன்னொன்றுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த கதை. அதன் பிறகு அந்த இடத்தில் நாட்டு மரம் முளைப்பது முன்பைவிடக் கடினம், ஏனென்றால் புல் தீயையும் கூட்டி வரும்.

ஆகவே, ஒரே மூச்சிலா விட்டு விட்டா என்பதைக் கீழ்த்தளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடியில் நாட்டு நாற்று ஏற்கெனவே நிறைய இருந்தால் மூன்று தவணையாக, ஒவ்வொரு தவணையிலும் விதானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் திறக்கலாம். நீலகிரியில் பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலைக்காட்டு மர நாற்றுகள் முளைத்து நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே வாட்டிலை ஒட்டுமொத்தமாகச் சாய்ப்பது வளர்ந்து வரும் சோலையின் கூரையைப் பிடுங்குவது. அதே மலையில் வாட்டில் புகுந்தது புல்வெளி என்றால் நேர் எதிர். புல்லுக்கு முழு வெயில் வேண்டும். அங்கே வாட்டில் முழுவதும் போக வேண்டும், போன இடத்தில் ‘நாட்டு மரம்தானே’ என்று சோலைக் கன்றுகளை நடுவது இரண்டாவது தவறு. முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரியாமல் திட்டம் போடக்கூடாது.

அடியில் ஒன்றுமே இல்லாத கருந்தரை என்றால் தவணை முறையில் பெரிய லாபமில்லை. சிறு சிறு இடைவெளிகளாகத் திறந்து அன்றைக்கே நாட்டுக் கன்று நட வேண்டும். நட ஆள் இல்லையென்றால் திறக்க வேண்டாம்.

முரண்

பறவைகளை மறந்துவிட்டீர்கள். தான்சானியாவின் கிழக்கு உசம்பாரா மலைகளில் மீசோப்சிஸ் எமினி மரத்தைப் பரப்புவது வெளியாட்கள் இல்லை, அங்கேயே உள்ள இருவாச்சிகள்தான். நாட்டுப் பறவை அயல் கனியைத் தின்று நல்ல காட்டுக்குள் கொண்டுபோய் விதைக்கிறது. அந்தப் பறவைதான் நாட்டு விதையையும் சுமக்கிறது. கனி தரும் அயல் மரங்களை ஒரே ஆண்டில் துடைத்துவிட்டால் பறவை அந்தப் பக்கம் வருவது குறையும், நாட்டு விதை வரத்தும் படுத்துவிடும். அதே பருவத்தில் பழுக்கும் நாட்டு மரம், அத்தி இனங்கள் மாதிரி, சுற்றுவட்டாரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேகத்தை முடிவு செய்யுங்கள். கனியில்லாமல் காற்றில் பரவும் மரத்துக்கு இந்தக் கவலை கிடையாது.

விதைவங்கி

வெட்டுவதற்கு முன் மண்ணில் உறங்கும் விதையைக் கணக்கெடுத்துவிடுங்கள். பின்தொடர் வேலை எத்தனை ஆண்டு என்பதை அதுதான் சொல்லும். வாட்டில் விதை அரை நூற்றாண்டு வரை உயிரோடு கிடக்கக்கூடியது. மேலே உள்ள மரத்தை ஒரே வாரத்தில் எடுத்துவிடலாம், கீழே உள்ளதை எடுக்க முடியாது.

செய்முறை: 5 செ.மீ. விட்டக் குழாயை 5 செ.மீ. ஆழம் இறக்கி, கட்டம் முழுக்கப் பரவலாக 20 இடத்தில் மண் எடுங்கள். புது விதை மழை விழும் காலத்தில் எடுக்கக்கூடாது, முளைக்கும் பருவம் முடிந்து அடுத்த காய்ப்புக்கு முன் எடுங்கள். கல், வேர் பொறுக்கிவிட்டு, சுட்ட மணல்மேல் ஒரு செ.மீ. கனத்துக்குப் பரப்பி நனைத்து வையுங்கள். காற்றில் வரும் விதையைக் கண்டுபிடிக்கப் பக்கத்திலேயே வெறும் சுட்ட மணல் தட்டு இரண்டு. முளைப்பதை இனம் கண்டதும் பிடுங்கி எண்ணுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மண்ணைக் கிளறிவிட்டு, ஆறு மாதம். வாட்டில், சூபாபுல் போன்ற கடின ஓட்டு விதைகள் இப்படி முளைக்காது. அவற்றைச் சல்லடையில் சலித்து எண்ணி, கொஞ்சத்தை வெந்நீரில் போட்டு உயிருள்ளவை எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும்.

கணக்கு: குழாய் ஒன்றின் பரப்பு 19.6 சதுர செ.மீ., இருபதுக்கு 393. அதாவது 0.039 சதுர மீட்டர். அதில் 12 முளைத்தால் சதுர மீட்டருக்கு 300-க்குச் சற்று மேல். இருபது குழாய் என்பது குறைந்தபட்சம். விதைகள் தாய் மரத்தடியில் குவிந்து கிடப்பதால், குழாய் குறைந்தால் எண் தாறுமாறாக ஆடும்.

நாட்டு இனங்களின் முளைப்பு அந்தத் தட்டில் எத்தனை என்பதையும் எழுதிவையுங்கள். மழைக்காட்டு முதிர் மரங்களின் விதை பெரும்பாலும் மண்ணில் காத்திருக்காது, விழுந்த சில வாரங்களில் முளைக்கும் அல்லது கெட்டுப்போகும். தட்டில் அவை வரவில்லையே என்று அதிர்ச்சியடைய வேண்டாம். அந்த இனங்களுக்கு நாற்றுக் கணக்குதான் சாட்சி.

தழைமேடு

அப்படியானால் பெருங்கூட்டமாக நிற்கும் இடத்தில்தான் முதலில் இறங்க வேண்டுமா? பாதிப்பு அங்கேதானே அதிகம்?

வெட்டுக்கத்தி

தலைகீழ். தள்ளித் தள்ளித் தனியாக நிற்கும் மரங்கள் முதலில். மூடி, மேக் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரு பெரிய கூட்டத்தின் ஓரம் விரிவதைவிட, சிதறிய சின்னக் கூட்டங்கள் பல சேர்ந்து விரியும் பரப்பு அதிகம். நல்ல காட்டுக்குள் தனியாக ஒரு தாய் மரம், அதற்குக் கீழே பத்து நாற்று என்றால் அரை நாள் வேலை. பத்தாண்டு விட்டால் பெருங்கூட்டம்.

இப்போது பரவாத மரம் என்று விட்டுவைப்பதும் தப்பு. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதிக்கு வந்த மரஞ்செடிகள், அறிமுகமான நாளிலிருந்து பரவத் தொடங்க சராசரி 147 ஆண்டு எடுத்துக்கொண்டன என்று ஆய்வாளர் கோவாரிக் 1995-ல் கணக்கிட்டார். மரங்களுக்கு மட்டும் 170. வெப்பமண்டலத்தில் இவ்வளவு காத்திருக்காது.

மண்வாசி

பின்தொடர் வேலைக்கு என் கணக்கு: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் மூன்றாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு அந்த மரம் நாற்றிலிருந்து காய்ப்புக்கு வர எடுக்கும் காலத்தைவிடக் குறைந்த இடைவெளியில் ஒருமுறை. மிக்கோனியா நான்காண்டில் காய்க்கும் என்றால் மூன்றாண்டுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. ஒரே ஒரு மரம் ஒரு தடவை காய்த்தாலும் விதைவங்கி சொன்ன தட்டுக் கணக்கு திரும்பவும் முதலிலிருந்து. இந்த ஆண்டுகளுக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் முதல் வெட்டைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதற்குத் தொடாமலே விட்டுவிடலாம்.

நாற்றைக் கையால் பிடுங்கும்போது மண் ஈரமாக இருக்கட்டும். காய்ந்த மண்ணில் தண்டு ஒடிந்து வேர் உள்ளே தங்கிவிடும். பிடுங்கியதை வேர் மேலே பார்க்கும்படி கிளையில் தொங்கவிடுங்கள். மழைக்காட்டில் தரையில் போட்டால் மறுபடி வேர்விடும்.

வெட்டுக்கத்தி

இன்னொன்று, வேலையாட்களை இறக்கும் முன் செய்வது. கட்டத்துக்குள் உள்ள நாட்டு நாற்றுகளுக்கு வண்ணத் துணி கட்டிவிடுங்கள். அயல் மரத்தின் நாற்று எது, அதே மாதிரி இருக்கும் நாட்டு நாற்று எது என்று இரண்டையும் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சென்னாவின் நாற்றையும் நாட்டுக் கொன்றையின் நாற்றையும் குழப்பிக்கொள்வது சுலபம். சிற்றிலை எண்ணிக்கை, சிற்றிலை நுனியின் வடிவம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடட்டும், அடுத்த சுற்றில் பெரிதாகி அடையாளம் தெரிந்துவிடும்.